இரட்சணிய யாத்திரிகமும் லைன் வீடுகளும்

இன்னல்களுக்கு நடுவே கிறித்தவ விசுவாசத்தில் நிலைத்து நிற்பதைத் தமிழில் காப்பியமாகவே பாடியவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900). நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையைத் தழுவிய அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் நூலாயிற்று. 3700க்கும் மேற்பட்ட பாடல்கள். 'கிறித்தவக் கம்பர்' என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை. அதன் செந்தமிழ் நலத்தை அறிஞர் பலர் பேசிவிட்டனர். நான் அதை ராபர்ட்சன்பேட்டைக் கண்கொண்டு பார்க்க விரும்புகிறேன்.

கதை தெரிந்ததுதான். அழிவுக்குரிய நகரைவிட்டு ஒருவன் பாவச்சுமையோடு புறப்படுகிறான். மனைவி மக்கள் வர மறுக்கிறார்கள். அவன் போய்விடுகிறான்.

இங்கேதான் தங்கவயல்காரனுக்கு இடிக்கிறது. வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அடியில் பாறை வெடித்தால் மேலே லைன் வீடு அதிரும், அலமாரிப் பாத்திரம் உருளும். ஷிப்ட் முடிந்து மனுஷன் வீடு திரும்பும்வரை அடுப்படியில் பெண்கள் முணுமுணுத்ததுதான் எங்கள் ஊர் ஜெபம். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அப்புறம் சோதனை வேறு உருவில் வந்தது: விடியுமுன் ரயிலைப் பிடித்துப் பெங்களூரு போய், இருட்டிய பின் திரும்பும் பிழைப்பு. மளிகைக்கடைப் பாக்கி. இருந்தும் கிடைத்த ஒரே ஓய்வுநாளான ஞாயிறன்று கோயிலில் இடம் பிடிக்க வேண்டியிருந்தது.

வீட்டைத் துறந்தவன் நிலைத்திருப்பது ஒன்று. வீட்டைச் சுமந்துகொண்டு நிலைத்திருப்பது வேறொன்று. இந்தக் கதையைச் சொன்னபோது என் பாட்டி, "அதெல்லாம் சரிப்பா, அவன் பொண்டாட்டி என்ன ஆனா?" என்றுதான் கேட்டார். விமரிசனம் என்றால் அதுவல்லவா விமரிசனம்!

பன்யனுக்கே அது உறுத்தியிருக்க வேண்டும். வழியில் ஒரு மாளிகையில், குடும்பத்தை ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்கவைத்துப் பயணியை அழவைக்கிறார். 1684இல் இரண்டாம் பாகமே எழுதினார். அதில் மனைவி தன் நான்கு பிள்ளைகளோடும் அண்டைவீட்டுப் பெண்ணோடும் அதே பாதையில் நடக்கிறாள். பிள்ளைக்கு நோய் கண்டால் வைத்தியர் வருகிறார். ஊன்றுகோல்காரர், மனத்திடம் குன்றியவர் எல்லாரும் சேர்ந்துகொள்ள, கூட்டம் மெல்ல மெல்ல நகர்கிறது. தங்கவயலை இந்தப் பாகத்தில்தான் நான் காண்கிறேன்.

கிருஷ்ணபிள்ளை முதற் பாகத்தோடு நின்றுகொண்டார். காப்பியத்துக்குத் தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும் என்பது இலக்கணம் எனலாம். எனக்கு அது போதவில்லை. கம்பனில் ஊறியவர் அவர். கம்பனில் இராமன் தனியே காடு புகவில்லையே, சீதையும் நடந்தாளே!

ஆயினும் காப்பியத்தின் இடையே அவர் வைத்த தேவாரங்களை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்கே காப்பியத் தலைவன் ஒதுங்கிக்கொள்ள, மன்றாடும் வெறும் மனிதன் ஒருவன் நிற்கிறான். அவை அடுப்படிக்கும் பொருந்தும். விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலுக்கும் பொருந்தும்.