பேர் போடும் சேர்வர்

ஒரு வரிதான் எழுதினேன். சேமித்துவிட்டு சேர்வரை மறுபடி கிளப்பினேன். லொக்ஸ் என்று பெயர் வைத்திருந்த ஃபோல்டருக்குள் புத்தம் புது ஃபைல் ஒன்று முளைத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரி வரியாக வளர்ந்தது. ராத்திரி பதினொரு மணி, வெளியே எல்ல மலையில் அடைமழை. எனக்குத் தூக்கமே வரவில்லை. அம்மாவை எழுப்பிக் காட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

எல்லயிலும் தெமோதரைப் பக்கமும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர், வீட்டில் ஒன்றிரண்டு அறை ஒதுக்கி, ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வரும் பயணிகளைத் தங்கவைக்கிறோம். அறைப் பதிவுக்கான தளத்தை ஜாவாவில் நானே எழுதினேன். ஸ்பிரிங் பூட்டில் எழுதியது. அதற்குள்ளேயே டொம்கெட் சேர்வர் அடங்கியிருக்கிறது. டொம்கெட்டின் மேல் எனக்குத் தனிப் பாசம். சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதியது, 1999இல் அப்பாச்சி அமைப்பின் கைக்கு வந்து உலகத்துக்கே இலவசமானது. யார் தயவும் இல்லாமல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் பிராணி என்பதால்தான் ஆண் பூனையின் பெயரை அதற்கு வைத்தாராம். எங்கள் வீட்டுப் பழைய லப்டொப்பில் அது ஓடுகிற அழகைப் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

ஆனால் ஒரு வியாதி இருந்தது. காலையில் வரும் முதல் பதிவு விழாது. தம்பி எழுந்து வந்து, சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும் கறுப்புத் திரையை மூடிவிட்டுத் திரும்பத் திறப்பான். எல்லாம் சரியாகிவிடும். மறுநாள் காலை மறுபடி அதே கதை. என்ன நடந்தது என்பதற்கான சாட்சி முழுக்க அந்தக் கறுப்புத் திரையில்தான் இருந்தது. அவன் மூடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சாட்சியும் சேர்ந்தே போனது. ஸ்பிரிங் பூட்டின் இயல்பு அப்படி: நாம் சொல்லாதவரைக்கும் கொன்சோல் திரையில் மட்டும் எழுதும், ஃபைலில் எழுதாது.

தோட்டத்தில் பிறந்த எனக்கு இது முதல் நாளே உறைத்திருக்க வேண்டும். கொழுந்து மடுவத்தில் தராசு காட்டும் கிலோவைக் கணக்கப்பிள்ளை வாயால் சொன்னால் மட்டும் அம்மாவுக்குச் சம்பளம் வந்துவிடாது. செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் ஏற வேண்டும். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைக்கு அவர் மலைக்குப் போனதாகவே அர்த்தம். முழுநாள் சம்பளத்துக்கான முழுப்பேரா, பாதிச் சம்பளத்துக்கான அரைப்பேரா என்று சம்பளத்தன்று எழும் அத்தனை வழக்கும் அந்தப் புத்தகத்தைப் புரட்டித்தான் தீரும். என் சேர்வருக்கு அந்தச் செக்ரோல்தான் இல்லாமல் இருந்தது.

அதைக் கொடுத்தது அந்த ஒற்றை வரி. அப்ளிகேஷன் டொட் ப்ரொப்பர்ட்டீஸ் ஃபைலில் 'லொக்கிங் டொட் ஃபைல் டொட் நேம்' என்று எழுதி, சமன் குறி போட்டு, ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்தேன். அவ்வளவேதான்! ஃபைல் பெருத்து டிஸ்க்கை அடைத்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். 10 எம்பி ஆனதும் பழையதைச் சுருக்கி ஓரமாக வைத்துவிட்டுப் புதியதைத் தொடங்கும். 7 நாளைக்கு முந்தியதைத் தானே கழித்துவிடும். நான் அதை 30 நாளாக்கி வைத்திருக்கிறேன்.

மூன்றே காலைகள். மூன்று நாளும் முதல் பதிவு வந்த நேரத்தில், டேட்டாபேஸோடு தொடர்பு அறுந்துவிட்டது என்ற ஒரே பிழை. அதற்கு முந்தைய வரி எப்போது விழுந்தது என்று பார்த்தேன். முந்தின நாள் இரவு எட்டு, எட்டரை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் 28,800 விநாடி சும்மா கிடக்கும் தொடர்பைத் தானே அறுத்துவிடும். சரியாக எட்டு மணித்தியாலம்! சேர்வர் கிளம்பும்போது ஒரு தொடர்பைத் திறந்து அதையே நாள் முழுக்கப் பிடித்துக்கொள்ளும்படி நான் எழுதியிருந்தேன். அதைக் கழற்றிவிட்டு, டேட்டாபேஸ் தொடர்புகளைப் பராமரிக்க ஸ்பிரிங் பூட்டோடு வரும் ஹிக்காரியிடம் பொறுப்பைக் கொடுத்தேன். அது எந்தத் தொடர்பையும் அரை மணித்தியாலத்துக்கு மேல் கிழடாக விடுவதில்லை. அன்றோடு தம்பியின் காலை வேலை முடிந்தது.

அதற்குப் பிறகு என்னைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அடுத்து அக்ஸஸ் லொக்: யார், எந்தப் பக்கத்தை, எப்போது கேட்டார்கள், என்ன கிடைத்தது என்று டொம்கெட்டே எழுதும் பதிவேடு. அதைத் திறந்துவிடவும் ஒரு வரிதான். ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனம். டொம்கெட்டுக்கு இருப்பிடம் எது என்று சொல்லாவிட்டால் ஸ்பிரிங் பூட் அதைத் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் குடிவைக்கும், பதிவேடும் அங்கேயே போய் ஒளிந்துகொள்ளும். 'சேர்வர் டொட் டொம்கெட் டொட் பேஸ்டிர்' என்ற வரியில் நிரந்தர முகவரி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். பதிவேட்டு வரியின் வடிவத்தில் விழுக்காட்டுக் குறியோடு ஆங்கிலப் பெரிய டி (D) எழுத்தையும் சேர்த்தால், ஒவ்வொரு பக்கத்துக்கும் எவ்வளவு நேரம் பிடித்தது என்பதும் தெரியும். டொம்கெட் 9 வரை அது மில்லி விநாடி, 10 முதல் மைக்ரோ விநாடி. ஒரேயொரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: பயணியின் பாஸ்போட் இலக்கமோ அட்டை இலக்கமோ லொக்கில் ஏறவே கூடாது.

எல்லாவற்றையும்விட நான் கொண்டாடுவது தமிழ் விழுந்த நாளை. பதுளையிலிருந்து ஒரு குடும்பம் தமிழில் பெயர் எழுதிப் பதிந்தபோது, ஃபைலில் வெறும் கேள்விக்குறிகள்தான் வரிசை கட்டி நின்றன. எங்கள் லப்டொப்பில் பழைய ஜாவா. 2022இல் வந்த ஜாவா 18 முதல்தான், தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீடு எல்லாக் கணினியிலும் இயல்பானது. 'லொக்கிங் டொட் சார்செட் டொட் ஃபைல்' என்று இன்னொரு வரி எழுதி யூடிஎஃப்-8 கொடுத்தேன். கேள்விக்குறி நின்ற இடத்தில் ஆளின் பெயர் வந்து உட்கார்ந்தது! நோட்பேடில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இது ஏதோ சின்னத் தளங்களுக்கான வித்தை என்று நினைக்க வேண்டாம். சஞ்சீவ வீரவரண முதலியோர் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2, இலங்கையில் வேர்விட்டு உலகெங்கும் போன நிறுவனம். அவர்களுடைய ஜாவா சேர்வர்களிலும் ரெப்போசிட்டரி ஃபோல்டருக்குள் லொக்ஸ் என்றொரு ஃபோல்டர், அதில் கார்பன் என்ற பெயரோடு ஒரு ஃபைல் இருக்கும். அதை முதல்முதல் திறந்தபோது சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது எனக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் பெயரிலேயே ஓர் அறையைப் பதிந்து, இரண்டு ஃபைலையும் திறந்து காட்டினேன். ஒன்றில் அவர் பெயர் தமிழில். மற்றதில் திகதி, நேரம், பக்கத்திலேயே இலங்கை நேரம் என்று சொல்லும் +0530, வரியின் கடைசியை ஒட்டி, கேட்டது சரியாகக் கிடைத்தது என்று சொல்லும் 200. கண்ணாடியை ஏற்றிவிட்டு அம்மா விரலால் வரியைத் தடவிக்கொண்டே போனார். 200இல் விரல் நின்றது.

"இது என்னாடா, முழுப்பேரா அரைப்பேரா?"

"முழுப்பேர்தாம்மா."