முருங்கை மரத்தில் தொங்கிய அம்மா

அம்மாவின் அஸ்தி இரண்டு நாள் எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் தொங்கியது. வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றார்கள். வாயைச் சிவப்புத் துணியால் கட்டிய கலயத்தைத் தம்பி கொல்லைப்புறக் கிளையில் மாட்டிவைத்தான். அதைப் பார்த்துவிட்டு வந்த சித்தி சொன்னார்: “முருங்கக் கிளைய நம்பாதீங்கடின்னு ஆயுசு பூரா கத்துனவ. கடைசில அவளயே கொண்டுபோய் அதுல தொங்கவிட்டுட்டானே!” அடுப்படியில் இருந்த ஆறு பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கூடத்திலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. தோள் குலுங்குவது இரண்டுக்கும் ஒன்றுதானே.

தம்பியிடமும் ஒரு கதை இருக்கிறது. அஸ்தி கரைக்க ராமேஸ்வரம் போகும் வழியில் புரோட்டா சாப்பிட நிறுத்தினார்களாம். கலயத்தை வண்டியில் தனியே விட மனமில்லாமல் இவன் கையோடு எடுத்துக்கொண்டு இறங்க, கடைக்காரர் பதறி, “சார், நீங்க அங்கயே இருங்க, பார்சல் கட்டித் தர்றேன்” என்றாராம். அம்மாவுக்குக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது பிடிக்காது, எப்போதும் பார்சல்தான். ஒவ்வொரு திவசத்துக்கும் தம்பி இதைச் சொல்வான். நன்றாகவே சொல்வான், நானும் சிரிப்பேன். அந்த வண்டியில் ஏழு ஆண்கள் போனார்கள். நான்கு வருடம் அம்மாவுக்குப் பெட்பேன் வைத்த நான் தெருமுனையோடு திருப்பி அனுப்பப்பட்டவள். அதனால் என்னிடம் முருங்கை மரக் கதை மட்டும்தான் இருக்கிறது. அதையும் கூடத்தில் சொல்ல முடியாது.

இதற்குப் பிறகு சாவு வீட்டு நகைச்சுவை எதைப் பார்த்தாலும், படித்தாலும் நான் முதலில் தேடுவது அஸ்தி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். கோயன் சகோதரர்களின் ‘தி பிக் லெபௌஸ்கி’ (1998) படத்தில் வருவது, அஸ்தி கரைக்கும் காட்சிகளில் மிகப் புகழ்பெற்ற ஒன்று. இருப்பதிலேயே மலிவான கலசம் 180 டாலர் என்றதும், நண்பனின் சாம்பலைக் காப்பித்தூள் டப்பாவில் வாங்கிக்கொண்டு கடலோரம் போகிறார்கள் இரண்டு ஆண்கள். ஒருவன் இரங்கல் உரையைத் தொடங்கி, எப்படியோ வியட்நாம் போருக்குப் போய்விடுகிறான். டப்பாவைக் கவிழ்த்தால் காற்று திரும்பி அடித்து, சாம்பல் முழுக்க மற்றவன் தாடியிலும் கண்ணாடியிலும் அப்புகிறது. எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. ஆனால் செத்தவனுக்கு ஒரு தாயோ அக்காவோ இருந்தாளா என்று படம் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. முன்கதை எதுவும் ஒட்டிக்கொள்ளாத சாம்பல் அது, அதனால்தான் அவ்வளவு லேசாகப் பறக்கிறது.

ராஸ் சாஸ்டின் சாம்பல் பறப்பதில்லை. ‘நியூ யார்க்கர்’ இதழின் கேலிச்சித்திரக்காரரான அவர், பெற்றோரின் கடைசி வருடங்களை 2014இல் சித்திர நூலாக வெளியிட்டார். ‘வேறு ஏதாவது நல்ல விஷயம் பேசக் கூடாதா?’ என்பது தலைப்பின் பொருள். சாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே நழுவும் பெற்றோர் அவர்கள். இருவரும் 1912இல் பிறந்தவர்கள். அப்பா 2007இலும் அம்மா 2009இலும் இறக்கிறார்கள். ராஸ் ஒரே மகள், பகிர்ந்துகொள்ள உடன்பிறந்தவர் யாருமில்லை. புரூக்ளின் வீட்டில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த பழைய மூக்குக்கண்ணாடிகளையும் சவர இயந்திரங்களையும் ஜாடி மூடிகளையும் அவர்தான் ஒதுக்குகிறார், புகைப்படம் எடுத்தும் வைக்கிறார். பராமரிப்பு இல்லத்துக்கு ஆகும் பணத்தைக் கணக்குப் போடுகிறார். பணம் முதலில் தீருமா, அம்மாவின் உயிர் முதலில் போகுமா என்று மனம் கூட்டிக் கழிப்பதையும் மறைக்காமல் வரைந்துவிடுகிறார். எனக்கு மிகவும் சிரிப்பு வந்த பக்கங்கள் அவைதான், உடனே புத்தகத்தை மூடிவைத்த பக்கங்களும் அவைதான். அந்தக் கணக்கை நானும் போட்டிருக்கிறேன்.

பாசமான மகள் என்று பேர் வாங்க அவர் மெனக்கெடவில்லை. அம்மா கோபக்காரி, மகள் அவருக்குப் பயந்தே வளர்ந்தவள். கடைசி நாட்களில் நாம் இன்னும் நல்ல சிநேகிதிகளாக இருந்திருக்கலாம் என்று மகள் சொல்லிப் பார்க்கிறாள். அம்மா பிடிகொடுப்பதில்லை. நம் சினிமாவாக இருந்தால் அந்த இடத்தில் கட்டிப்பிடித்து அழவைத்திருப்பார்கள். அம்மா சாகும் பக்கங்களுக்கு வரும்போது சிரிப்பே நின்றுவிடுகிறது. நடுங்கும் கேலிக்கோடுகளும் கத்தும் பேச்சுக் குமிழ்களும் போய், படுக்கையோரம் உட்கார்ந்து பேனாவால் வரைந்த முகங்கள் மட்டும் வருகின்றன.

பிறகு அஸ்தி. கடலில் கொட்டவும் மனமில்லை, வேறு இடமும் தோன்றவில்லை. பெற்றோர் இரண்டு பேரையும் தன் துணி அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். கூடவே காலணிகள், பழைய ஆல்பங்கள், பரிசு சுற்றும் காகிதம். செருப்புக்குப் பக்கத்தில் அஸ்தி! சித்தியிடம் சொன்னால் மயங்கியே விழுந்துவிடுவார். அந்த அலமாரியைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். எங்கே வைப்பது, எப்போது கரைப்பது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. குளிப்பாட்டிய கையிலேயே சாம்பலும் இருக்கிறது, அதனால் கதையும் அவருடையதாக இருக்கிறது.

ஒரு குறையும் உண்டு. அம்மாவைக் கடைசியில் இரவுபகலாகப் பார்த்துக்கொண்டது சம்பளத்துக்கு வைத்த ஒரு பெண். அதை ராஸ் மறைக்கவில்லை, குற்றவுணர்வோடுதான் எழுதுகிறார். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் எது வேடிக்கையாக இருந்தது என்பது நூலில் இல்லை.

நான் மட்டும் என்ன செய்தேன்? எங்கள் வீட்டிலும் பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்தார். மேலே பெட்பேன் என்று எழுதினேனே, அதில் பாதி அவர் கை. சாவன்று வாசலிலேயே நின்றார், அடுப்படிவரை வரச்சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மத்தியானங்களில் பின்னறையில் அவரும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்கும். நான் உள்ளே போனதும் நின்றுவிடும். என்ன சிரிப்பு என்று கேட்டால் “ஒண்ணுமில்லக்கா” என்பார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார், போர்வைக்குள் தோள் குலுங்கிக்கொண்டே இருக்கும்.