மை காய வெப்பம் மட்டும் போதுமா?

இங்க்ஜெட் அச்சில் நீர் மை காயவில்லை என்ற புகார் வந்தால், பெரும்பாலும் முதலில் கை போவது டிரையரின் வெப்பநிலைப் பொத்தானுக்குத்தான். பத்து டிகிரி ஏற்றிப் பார்ப்பார்கள். அகச்சிவப்பு விளக்கு இன்னொன்று போடுவார்கள். அதுவும் போதாவிட்டால் மெஷினின் வேகத்தைக் குறைப்பார்கள். வெப்பம் ஓரளவு பலன் தருகிறது என்பதால்தான் இந்த வழக்கம் நிலைத்திருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நீர் மையால் வரும் கெடுதல்களில் பெரும்பாலானவை தாள் டிரையருக்குள் போவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. முதலில் நிறமியைத் தாளின் மேற்பரப்பில் நிறுத்த வேண்டும். அடுத்து காற்றைக் கொண்டு நீரை அகற்ற வேண்டும். வெப்பம் இவற்றுக்குத் துணையாக வர வேண்டும். இந்த வரிசையை நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

மைக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. நீர் மையில் நிறமி சில சதவீதமே, பெரும்பங்கு நீர். சுமார் 20 மைக்ரான் விட்டமுள்ள நாசில் வழியாகச் சில பிக்கோலிட்டர் அளவுத் துளியாக அது வெளியேற வேண்டும். நாசிலில் காய்ந்தால் ஹெட் அடைத்துக்கொள்ளும். தாளில் காயாவிட்டால் அச்சு கெடும். இதைச் சமாளிக்க, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்களை மையில் சேர்க்கிறார்கள். அவற்றில் முக்கியமானது கிளிசரின். அதன் கொதிநிலை 290 டிகிரி செல்சியஸ். தாள் தாங்கும் வெப்பத்தில், டிரையரைக் கடக்கும் நேரத்துக்குள் அது ஆவியாகிப் போகாது. சாதாரணத் தாளில் காய்ந்துவிட்டது என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, கிளிசரின் நார்களுக்குள் இறங்கிவிட்டது என்பதுதான். பிளாஸ்டிக் படலத்தில் அப்படி இறங்க இடமில்லை. சூட்டைக் கூட்டினாலும் விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். 188 டிகிரியில் கொதிக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் போன்றவற்றுக்கு மாறினால் படலத்தில் காயும், நாசில் அடைப்பு கூடும். அதனால்தான் நாசிலுக்குப் பின்னால் மையை இடைவிடாமல் சுற்றவிடும் ஹெட்டுகள் வந்தன. துளியை வெளியே தள்ளாமல் நாசில் வாயிலுள்ள மையை மட்டும் அதிரவைக்கும் மின்துடிப்பு வந்தது. காய்வதில் கிடைத்த உருப்படியான முன்னேற்றங்களில் சில, டிரையரைத் தொடாமலே ஹெட்டில் நடந்தவை.

வெப்பத்துக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை மீட்டர் அகலத் தாள்சுருள் நிமிடத்துக்கு 150 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது; பரப்பு முழுவதும் சதுர மீட்டருக்கு 10 கிராம் மை விழுகிறது; அதில் 80 சதவீதம் நீர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 600 கிராம் நீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ நீருக்குச் சுமார் 2,400 கிலோஜூல் என்றால், வீணாகும் வெப்பத்தைச் சேர்க்காமலே 24 கிலோவாட் ஆகிறது. எழுத்து மட்டும் உள்ள பக்கத்துக்கு இதில் சிறு பங்கு போதும், உண்மைதான். ஆனால் தாளிலும் நீர் இருக்கிறதே! 80 ஜிஎஸ்எம் தாளில் 6 சதவீதம் ஈரம் இருந்தால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம். மையின் நீர் எது, தாளின் நீர் எது என்று வெப்பம் பிரித்துப் பார்ப்பதில்லை. வெள்ளையாக விட்ட ஓரங்களிலிருந்தும் ஈரத்தை எடுத்துவிடும். தாள் சுருங்கும், மொரமொரப்பாகும், நிலைமின் ஏறி ஒன்றோடொன்று ஒட்டும்; சுருங்கிய தாளின் மறுபக்கத்தில் அச்சு இடம் பொருந்தாது. அண்மை அகச்சிவப்புக் கதிரில் இன்னொரு கோளாறும் உண்டு. கறுப்பு மை அதை நன்றாக உள்வாங்கும், மஞ்சள் மை அவ்வளவாக வாங்காது. மஞ்சளுக்குப் போதுமான அளவு வைத்தால், கறுப்பு உள்ள இடங்களில் தாள் அளவுக்கு மீறிச் சூடாகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வெப்பம் தாமதமாக வருவது. மேலே சொன்ன வேகத்தில், ஹெட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் டிரையரைத் தாள் எட்ட 0.4 விநாடி ஆகும். அதற்குள் துளி தாளில் மோதித் தட்டையாகி, நார்களின் இடுக்கு வழியே ஓடத் தொடங்கிவிடும். நீர் போகும் இடத்துக்கெல்லாம் நிறமியும் போகும். எழுத்தின் ஓரம் இழை இழையாகப் பிரியும், நிறம் உள்ளே இறங்கி மங்கும், பின்பக்கம் தெரியும், மஞ்சளை ஒட்டியிருக்கும் கறுப்பு அதற்குள் கசியும். இதன் பிறகு வரும் சூடு, கெட்டுப்போன அச்சைக் காயவைத்துத் தருகிறது, அவ்வளவுதான். உறிஞ்சாத பரப்பில் வேறு விதமான கேடு. துளியின் விளிம்பில் நீர் வேகமாக ஆவியாக, அதை ஈடுகட்ட நடுவிலிருந்து ஓடும் திரவம் துகள்களை விளிம்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. காப்பிக் கறையின் ஓரம் கறுப்பாக இருப்பதற்கான இந்தக் காரணத்தை 1997-இல் ராபர்ட் டீகனும் அவருடைய குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார்கள்.

ஆகவே முதல் வேலை நிறமியை நிறுத்துவது. நிறமித் துகள்கள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நீரில் மிதக்கின்றன. கால்சியம் உப்பு கலந்த பிரைமர் பூசிய தாளில் விழுந்தவுடன் அந்த விலக்கம் குலைந்து, துகள்கள் திரண்டு மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. நீர் மட்டும் கீழே இறங்குகிறது. ஹெச்பி நிறுவனத்தின் கலர்லாக் முத்திரை பெற்ற அலுவலகத் தாள்கள் இந்த வழியில்தான் இயங்குகின்றன. திருப்பூரில் டீ-சர்ட் மேல் நேரடியாக அச்சிடுவோருக்கும் இது புதிதல்ல. அடர்நிறத் துணியில் பிரீட்ரீட்மென்ட் தெளித்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்திய பிறகே வெள்ளை மையை இறக்குகிறார்கள். அதைத் தவிர்த்தால் வெள்ளை நூலுக்குள் இறங்கிச் சாம்பல் பூத்துவிடும். பிறகு எத்தனை டிகிரியில் வைத்தாலும் அந்த வெள்ளை மீளாது. துணி அச்சில் எழுதாத விதியாக இருக்கும் இந்தப் பாடத்தைத் தாள் அச்சு இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. பிரைமரும் நீர்தானே, காயவைக்க வேண்டியதை அது கூட்டாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆலையில் தாள் செய்யும்போதே உப்பைச் சேர்த்துவிட்டால், அங்கே எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும் உலர்த்து உருளைகளே அந்த வேலையையும் முடித்துவிடும். உப்பு இரும்பை அரிக்காதா என்றால், கால்சியம் குளோரைடு அரிக்கத்தான் செய்யும். காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது சின்னக் குறை அல்ல. அளவு மீறினால் பலன் தலைகீழாகும். வெளிர்நிறத் துணியில் கட்டம்போல் கறை நிற்பதும் இதனால்தான். நீர் மையே வேண்டாம், புற ஊதாக் கதிரில் நொடியில் இறுகும் மைக்குப் போய்விடலாம் என்பது இன்னொரு வாதம். பலகைகளுக்கும் விளம்பரத் தட்டிகளுக்கும் அது சரி. உணவுப் பொட்டலத்துக்கு நான் ஒப்பமாட்டேன். 2005-இல் இத்தாலியில், புற ஊதா மையில் சேர்க்கப்படும் ஐடிஎக்ஸ் என்ற பொருள் குழந்தைகளுக்கான பாலில் இறங்கியிருந்தது தெரியவந்து, அந்தப் பால் பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. அது இங்க்ஜெட் அச்சு அல்ல என்றாலும், அந்த வகை மையின் அபாயம் அதுதான்.

நிறமி நின்ற பிறகு, நீரை அகற்றுவதில் காற்றுக்கே முதலிடம். ஈரத் தாளை ஒட்டி, நீராவி நிறைந்த மெல்லிய காற்றுப்படலம் ஒன்று உட்கார்ந்துவிடும். அது விலகாதவரை சூடு கொடுத்தும் நீர் வெளியேறத் தயங்கும். ஐப்பசி அடைமழையில் வீட்டுக்குள் போட்ட துணி, மின்விசிறிக்கடியில் காய்ந்துவிடுவதைப் போலத்தான் இதுவும். டிரையருக்குள் தாளை நெருங்கி வேகமாகக் காற்றடிக்கும் துவாரங்களும், ஈரக்காற்றை வெளியே இழுக்கும் வழியும் இருந்தால், குறைந்த வெப்பத்திலேயே வேலை நடக்கும். பல டிரையர்களில் சூடான அதே காற்று சுற்றிச் சுற்றி வந்து நீராவியால் நிறைந்துவிடுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தச் செய்யும் இந்த ஏற்பாடு, மழைக்காலத்தில் மின்சாரத்தை விழுங்குகிறது.

புதிதாக மெஷின் வாங்க இருப்பவர்கள் டிரையர் எத்தனை கிலோவாட் என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். நீங்கள் வழக்கமாக அடிக்கும் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். முழுக் கறுப்புக் கட்டத்தையும் அதை ஒட்டி மஞ்சள் கட்டத்தையும், உங்களுக்குத் தேவையான வேகத்தில் இருபக்கமும் அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். நிறங்கள் சந்திக்கும் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அச்சுக்கு முன்னும் பின்னும் தாளின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். மழை மாதத்தில் இந்தச் சோதனையைச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.