திருவாதிரையின் செந்நிறம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரிகள் நிறைந்து கிடக்கும் மார்கழி மாதத்தில், காஞ்சி மாநகரின் விளக்கொளி அவ்வளவாக எட்டாத கூரம் போன்றதொரு கிராமத்தில் முன்னிரவில் கிழக்கு நோக்கி நிற்பவனுக்கு, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிஷம், திருவாதிரை என்று பஞ்சாங்கம் அடுக்கிச் சொல்லும் நட்சத்திரங்கள் அந்த வரிசை பிசகாமலே மேலெழுந்து நிற்கும் காட்சி கிட்டுகிறது. எத்தனை கோடி என்று வாய்பிளந்து போவோர் பலர். வெறுங்கண்ணுக்கு ஒரே சமயத்தில் புலப்படுபவை நல்ல இருட்டிலும் சில ஆயிரத்துக்கு மேல் இல்லையாதலால், கோடி என்பது உபசார வார்த்தை; ரசிகன் எண்ணிக்கையை விட்டு நிறத்தைக் கவனிக்க வேண்டும்.

கொல்லனுடைய உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளித்து, கடைசியில் வெளுத்துப் பிரகாசிப்பது போலவே, சிவந்த நட்சத்திரம் வெப்பம் குறைந்ததாகவும், நீலம் பாய்ந்து வெளுத்தது வெப்பம் மிகுந்ததாகவும் இருக்கிறது. திருவாதிரையின் மேற்பரப்பு ஏறத்தாழ 3,500 டிகிரி. அதற்குச் சற்றுத் தெற்கே ஜொலிக்கும் ரைகல் 12,000 டிகிரி. ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதில் தோன்றும் கருங்கோடுகள் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் வேறுபடுவதற்கு வெப்பமே முக்கிய காரணம் என்பதை, வங்கத்து மேகநாத் சாஹா 1920-இல் வகுத்த சமன்பாடு விளக்கிற்று. அதைக் கருவியாகக் கொண்டு ஸெஸிலியா பெய்ன் என்னும் பெண்மணி 1925-இல், நட்சத்திரங்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜனே என்று கணக்கிட்டுக் காட்டினார்.

திருவாதிரையும் ரைகலும் அடங்கிய அந்த மண்டலத்தின் நடுவே வரிசையாய் நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குத் தென்புறத்தில், மங்கலான புகைத்திட்டுப் போல ஒன்று தெரியும். அது வாயுவும் தூசியும் தம் ஈர்ப்பினாலேயே சுருங்கிப் புதிய நட்சத்திரங்களாகத் திரளும் பிரசவ ஸ்தலம். அதன் தூரம் சுமார் 1,300 ஒளியாண்டு. ஆகவே, முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகத்துக்குத் தானம் அளித்து, பாரதம் வாசிக்கவும் ஏற்பாடு செய்த செய்தியைக் கூரம் செப்பேட்டில் வெட்டுவித்த காலத்தை ஒட்டிப் புறப்பட்ட ஒளியே இன்று அவ்வூராரின் கண்ணில் வந்து விழுகிறது.

நீலமெல்லாம் இளமை, சிவப்பெல்லாம் முதுமை என்று கொள்பவன் ஏமாந்து போவான்; ரைகலும் தன் மையத்து ஹைட்ரஜனைத் தீர்த்துவிட்ட ஜீவன்தான். ஆயுளை நிர்ணயிப்பது நிறையே. நிறை மிகுந்தால் மையம் கடுமையாகச் சூடேறி எரிபொருள் வெகு வேகமாகச் செலவாவதால், சூரியனுக்கு 1,000 கோடி ஆண்டு வாழ்வு விதிக்கப்பட்டிருக்க, அதைப்போல் பதினைந்து மடங்குக்குக் குறையாத நிறையுடையதென மதிக்கப்படும் திருவாதிரை ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டிலேயே அந்திமத்தை எட்டிவிட்டது. 2019 இறுதியில் அது திடீரென்று மங்கத் தொடங்கியபோது, வெடிக்கப் போகிறதென்று உலகமே பரபரத்தது. அது உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்ததே காரணம் என்பது பின்னர்த் தெளிந்தது. அவசரம் நமக்குத்தான், வெடிப்பு இன்னும் ஒரு லட்சம் ஆண்டு தாமதித்தாலும் வியப்பதற்கில்லை.

சிறிய நட்சத்திரங்களின் முடிவில் இவ்வளவு ஆரவாரம் இல்லை. சிரியஸின் அருகே 1862-இல் தொலைநோக்கிக்கு அகப்பட்ட துணை நட்சத்திரம், சூரியனளவு நிறையைப் பூமியளவு உருவில் அடக்கி, மெல்ல ஆறிக்கொண்டிருக்கும் வெண்குறுமீன். இவ்வாறு அடங்கிக் கிடப்பதற்கும் ஓர் எல்லை உண்டு, அது சூரிய நிறையில் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று, 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் வழிப்பயணத்திலேயே கணிக்கத் தொடங்கினார். எடிங்டன் என்னும் மேதை 1935-இல் அதைச் சபையில் பரிகசித்தார். நோபல் பரிசு வருவதற்கோ 1983 ஆயிற்று.

கூரத்தில் கிடைத்து இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பல்லவர் காலத்து நடராஜ வடிவத்தை, எடுத்த பாதம் பிற்காலச் சோழர் படிமங்களிற்போல் குறுக்கே வீசாமல் முழங்கால் மடங்கி உயர்ந்திருக்கும் அழகுக்காகவே நான் போற்றி வந்தவன். வானநூலைப் பயின்ற பின்பு அந்த உலோகத்தின் மீதும் மதிப்புப் பிறந்தது. செம்பு பெரும்பாலும் திருவாதிரையை ஒத்த பெரு நட்சத்திரங்களின் வயிற்றில் விளைந்து, அவை வெடித்துச் சிதறியதால் வெளிவந்தது. வெண்கலத்துக்கு இறுக்கம் தரும் வெள்ளீயத்தின் பெரும்பகுதியோ, சாதுவான நட்சத்திரங்கள் முதுமையில் சிவந்து ஊதியபோது அவற்றுள் மெல்லச் சமைந்தது. ஸ்தபதியின் மூசையில் இரண்டும் கலந்தன.

திருவாதிரையின் செம்மையைக் காண விரும்புவோர் ஆருத்ரா தரிசனத்தன்று வானத்தைப் பார்த்துப் பயனில்லை. அன்று நிறைமதி அதன் பக்கத்திலேயே நின்று நிறத்தை வெளுக்கச் செய்துவிடும். பத்து நாள் பொறுத்துத் தேய்பிறையில் பார்ப்பதே உத்தமம்.