தொடுவது யார்?

தன் இச்சையை வாக்குமூலமாக எழுதும் ஆண் கவிஞரிடம் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: அந்தக் கவிதைக்குள் பெண்ணுக்கு ஏதேனும் செயல் உண்டா, அழகாக இருப்பதோடு சரியா? மொன்றியலில் 1934இல் பிறந்த லெனார்ட் கோஹனின் ‘சூசன்’ இதற்கு வெகு நுட்பமாகப் பதில் சொல்கிறது.

1966இல் தொகுப்பில் கவிதையாக வந்து, அடுத்த ஆண்டே அவருடைய முதல் இசைத்தட்டின் முதல் பாட்டானது அது. சூசன் வெர்டால் என்ற நடனக் கலைஞர்தான் அதன் நாயகி. செயின்ட் லாரன்ஸ் நதியோரம் இருந்த தன் வீட்டில் கோஹனுக்குத் தேநீர் கொடுத்தவர். தங்களுக்குள் உடலுறவு இருந்ததில்லை என்று பின்னாளில் இருவருமே சொன்னார்கள்.

நம் அகப்பாட்டு தலைவியின் பெயரைச் சொல்லாது. ஊர் வாயில் யாரும் விழ வேண்டியதில்லை. கோஹன் அவள் பெயரைச் சொல்லிவிடுகிறார். ஆனால் தன்னை மட்டும் ‘நீ’ என்று மறைத்துக்கொள்கிறார். அதனால் ஆற்றங்கரைக்கு அவளோடு நடப்பது கேட்கும் நாமாகிவிடுகிறோம்.

சூசன் உடுத்தியிருப்பது தருமக் கடையில் வாங்கிய பழந்துணியும் இறகும். மொன்றியலின் பழைய துறைமுகத்தில் மாலுமிகளின் கோயிலான போன்செகூர் தேவாலயம் இருக்கிறது. அதன் உச்சியில் நிற்கும் மாதா சிலைமீது வெயில் வழியும்போது, குப்பைக்கும் பூவுக்கும் நடுவே எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டுகிறவள் இந்தப் பழந்துணிக்காரி. அவளைத் தெய்வமாக்கப் பட்டுடுத்த வேண்டும் என்று கவிஞருக்குத் தோன்றவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இதைவிட நுண்மையானது மூன்று பத்திகளின் முடிப்பு. முதற்பத்தியில் அந்த ‘நீ’யாகிய அவன் தன் மனத்தால் அவள் உடலைத் தொடுகிறான். இரண்டாம் பத்தியில் வரும் இயேசு தம் மனத்தால் அவன் உடலைத் தொடுகிறார். மூன்றாவதில் அவள் தன் மனத்தால் அவனைத் தொடுகிறாள். வரியின் அமைப்பு அப்படியே இருக்க, உடல் அவனுடையதாகவும் மனம் அவளுடையதாகவும் இடம் மாறிவிடுகின்றன. ஆண் எழுதிய எத்தனை காதல் வாக்குமூலங்களில் பெண்ணுக்கு இந்த இடம் கிடைத்திருக்கிறது?

ஆனாலும் சூசன் பாட்டில் வாய் திறப்பதில்லை. அவளுக்காக ஆறுதான் பதில் சொல்கிறது. இவ்வளவு அழகுக்கு நடுவிலும் அது எனக்குக் குறையே. பாட்டைக் கேட்கிறவர்கள், 1998இல் பிபிசி வானொலிக்கு வெர்டால் அளித்த பேட்டியையும் தேடிக் கேளுங்கள்.