சுவர் நின்றது, கை எங்கே?

தேம்ஸ் ஆற்றின் வடகரையிலே புனித பால் பேராலயம். தென்கரையிலே செங்கல்லால் எழுந்த புகைபோக்கி. ஆலயத்தின் உச்சியை மிஞ்சலாகாது என்று அதனை 99 மீட்டரோடு நிறுத்தினர். தொழிற்கூடம் தேவாலயத்துக்குத் தலைகுனிந்தாக வேண்டுமாம், இங்கிலாந்திலும்! ஆனால் இருளிலே இலண்டனுக்கு ஒளி தந்தது எது? குனிந்து நின்ற அந்தப் பாங்க்சைடு மின்நிலையமன்றோ!

எண்ணெய் விலை ஏறிற்று. 1981இல் நிலையம் மூடப்பட்டது. பல்லாண்டு பாழ்பட்டுக் கிடந்த அக்கட்டடம், 2000ஆம் ஆண்டு மே திங்களில் டேட் மாடர்ன் என்னும் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. மாற்றியமைத்தவர் ஹெர்சாக், டி மியூரான் எனும் சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் இருவர். அவர்கள் செய்ததைக் காட்டிலும் செய்யாது விட்டதையே நான் பெரிதும் பாராட்டுவேன். மின்னாக்கப் பொறிகள் உறுமிய 155 மீட்டர் நீளக் கூடத்தை அவர்கள் அறை அறையாகக் கூறுபோடவில்லை. இரும்புத் தூண்களுக்குப் பட்டாடை போர்த்தவில்லை. கூடத்துள் நுழையக் கட்டணமும் இல்லை. 2003இல் ஓலாஃபுர் எலியாசன் அங்கே செயற்கைக் கதிரவனை எழுப்பியபோது, மக்கள் தரையிலேயே மல்லாந்து படுத்து, கூரைக் கண்ணாடியிலே தம் உருவைத் தேடி மகிழ்ந்தனர். சீமான்களின் மாளிகையிலே இப்படிப் படுக்க விடுவார்களா?

அதே கூடத்திலே, 2010இல், சீனக் கலைஞர் ஐ வெய்வெய் பத்துக் கோடிச் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். அத்தனையும் பீங்கான், அத்தனையும் கையால் தீட்டியவை. ஜிங்டெசென் நகரத்தார் 1,600 பேர் உழைத்த உழைப்பு அது! மக்கள் அவற்றின்மீது நடக்கலாம் என்றனர். சில நாட்களிலேயே தடுத்துவிட்டனர். பீங்கான் தூசு உடலுக்குத் தீங்கு என்பது காரணம். தடுத்தது முறையே, மறுக்கவில்லை. ஆயினும், ஒரு நாழிகை உலவ வந்தவரின் நுரையீரலுக்காகத் துடித்த கலையுலகம், விதைகளை உருவாக்கியவரின் நுரையீரலுக்காக எத்துணை துடித்தது?

உழைத்தவரைக் காட்டும் படமும் அங்கே ஓடிற்று என்பர். உண்மைதான். படத்திலே முகம் தெரியும்; பெயர் நிற்பதோ ஒருவருக்கு. மின்நிலையத்தை வரைந்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டை நூல்கள் போற்றுகின்றன; அதே சுவர்களின் 42 இலட்சம் செங்கல்லை அடுக்கியவர் எவர், பொறியருகே வெந்தவர் எவர் என்று யார் கேட்டனர்? பழைய ஆலையைக் கலைக்கூடமாக்க நினைப்போர், செங்கல்லைக் காப்பதோடு ஆலையின் வருகைப் பதிவேட்டையும் தேடி எடுத்து வாயிலிலே வைக்கட்டும். 155 மீட்டர் நீளக் கூடத்திலே 1,600 பெயர்களை எழுதச் சுவர் போதாது என்று எவரும் சொல்ல முடியாது.