‘இரட்டைச் சுருளி’யிற் பிராங்கிளின் அம்மையார்

விஞ்ஞான உண்மைக்கு ஆண், பெண் என்ற வேற்றுமை இல்லை. ஆனால், அவ்வுண்மையைக் கண்டவர் யாவர் என உலகுக்கு எடுத்துரைக்கும் வரலாறு அவ்வேற்றுமையை நெடுங்காலமாகப் பாராட்டி வந்துள்ளது. அணுக்கருப் பிளவுக்கு 1939இலே பௌதிக விளக்கந் தந்தவருள் ஒருவர் லீசே மைற்னர் அம்மையார். எனினும், அக்கண்டுபிடிப்பிற்கென 1944ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு ஒட்டோ ஹான் ஒருவருக்கே வழங்கப்பட்டது. இது பரிசினால் நேர்ந்த மறுப்பு. இதனினும் நுண்ணிய மறுப்பு ஒன்றுண்டு. ஒருவரது பெயரை மறையாது கூறி, அப்பெயருக்குரியவரை வேறொருவராகச் சித்திரித்துவிடுவது அது. பரிசினால் வந்த குறையைப் புள்ளிவிவரங் கொண்டு காட்டலாம்; சித்திரிப்பினால் வந்த குறையைக் காட்டுதற்கு நூலைத் திறனாய்தல் வேண்டும். ஜேம்ஸ் வாட்சன் 1968இல் வெளியிட்ட ‘இரட்டைச் சுருளி’ என்னும் ஆங்கில நூலும், அதில் இடம்பெறும் றொசலின்ட் பிராங்கிளின் அம்மையாரின் உருவமும் இத்தகைய திறனாய்வுக்கு உரியன.

டீ. என். ஏ. எனப்படும் கருவமிலத்தின் அமைப்பு, கேம்பிறிட்ஜிலே 1953ஆம் ஆண்டு மாசி, பங்குனி மாதங்களில் எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதே நூலின் பொருள். விஞ்ஞானி ஒருவர் தம் பேராசையையும் பிழைகளையும் போட்டி மனப்பான்மையையும் இத்துணை வெளிப்படையாகக் கூறிய நூல் அதற்கு முன் அரிதே. கையெழுத்துப்படி நிலையில் அதற்கு ‘நேர்மையான ஜிம்’ என்ற பொருள்படும் தலைப்பே இடப்பட்டிருந்தது. பிரான்சிஸ் கிறிக்கும் மொறிஸ் வில்கின்சும் கடுமையாக ஆட்சேபித்தமையால், அதனை வெளியிடவிருந்த ஹாவாட் பல்கலைக்கழகம் பின்வாங்கியது. வேறொரு பதிப்பகமே அதனை வெளிக்கொணர்ந்தது. இந்நிகழ்ச்சி நினைவிற் கொள்ளத்தக்கது. நூலிலே தம்மைப் பற்றி எழுதப்பட்டதை உயிருடனிருந்தோர் மறுத்துரைக்க முடிந்தது. பிராங்கிளின் அம்மையாரோ 1958ஆம் ஆண்டு சித்திரை 16ஆம் நாள், தமது முப்பத்தேழாம் வயதிலே, புற்றுநோயினால் இறந்துபோனார். அவர் சார்பில் மறுப்புக் கூற அவர் இருக்கவில்லை.

நூல் தன்மைக் கூற்றாக அமைந்தது. இருபத்து மூன்று வயதில் கேம்பிறிட்ஜ் வந்த அமெரிக்க இளைஞன் ஒருவனின் கண்கொண்டே யாவும் காணப்படுகின்றன. அவ்விளைஞனுக்குப் பிராங்கிளின் ‘றோசி’ ஆகின்றார். அவரை நேரில் எவரும் அவ்வாறு அழைத்ததில்லை. மறைவில் வழங்கிய பெயரே பாத்திரத்தின் பெயராயிற்று. அவரது உடை, தோற்றம், உதட்டுச் சாயம் பூசாமை என்பன பற்றி நூல் விரிவாகப் பேசுகின்றது. நிலக்கரியின் நுண்ணமைப்புப் பற்றியும் பாரிசிலே கரிப்பொருட்கள் பற்றியும் அவர் செய்து முடித்திருந்த ஆராய்ச்சிகளைப் பற்றி அத்துணை அக்கறை காட்டுவதில்லை. இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் அவர் வில்கின்சின் உதவியாளராய் அடங்கியிருக்க மறுத்தவர் என்ற எண்ணமே வாசகரிடம் பதிகின்றது. டீ. என். ஏ. ஆராய்ச்சி தமக்கெனத் தரப்பட்டது என்று அம்மையார் கொண்டிருந்த கொள்கை, வெறும் உரிமை கோரலாகக் காட்டப்படுகின்றது. ஆனால், ஆய்வுகூடத் தலைவர் ஜோன் றண்டல் 1950ஆம் ஆண்டு மார்கழியில் அவருக்கு எழுதிய கடிதம், எக்ஸ் கதிர் ஆராய்ச்சியை அவரும் மாணவர் றேமண்ட் கொஸ்லிங்குமே நடத்துவர் என்று கூறுகின்றது. வில்கின்ஸ் அதனை அறியார். பூசலுக்கு வித்து ஒரு பெண்ணின் சுபாவம் அன்று. தலைவரொருவர் இருவருக்கு இருவேறு நம்பிக்கைகளை ஊட்டியமையே.

பாத்திரப் படைப்பு ஒன்றைக் கூற, நிகழ்ச்சி வேறொன்றைக் கூறுவது இந்நூலின் விந்தை. 1951ஆம் ஆண்டு கார்த்திகையில் அம்மையார் தம் ஆய்வு முடிவுகளைக் கிங்ஸ் கல்லூரியில் எடுத்துரைத்தார். வாட்சன் அதனைக் கேட்கச் சென்றார், குறிப்பு எழுதவில்லை, மூலக்கூற்றிலுள்ள நீரின் அளவைத் தவறாக நினைவிற் கொண்டார். அத்தவற்றின்மேல் அவரும் கிறிக்கும் மூன்று இழைகளுடையதும் பொசுபேற்றுக்களை உள்ளே கொண்டதுமான மாதிரியுரு ஒன்றைக் கட்டினர். இலண்டனிலிருந்து வந்து பார்த்த அம்மையார் அதன் குற்றத்தை உடனே எடுத்துக்காட்டினார். அம்மாதிரியுரு கைவிடப்பட்டது, அவ்வாராய்ச்சியை நிறுத்துமாறு லோறன்ஸ் பிறாக் பணித்தார். இவற்றையெல்லாம் நூல் ஒளிக்காது உரைக்கின்றது. நிகழ்ச்சியின்படி, சரியானவற்றைக் கூறியவர் பிராங்கிளின், பிழைபட்டவர் கதைசொல்லி. எனினும், அடுத்த அதிகாரங்களிலும் பிடிவாதமுடையவர் என்ற பட்டம் அம்மையாருக்கே நிலைத்து நிற்கின்றது. சுருளியமைப்பை அவர் எதிர்த்தார் என்னும் கூற்றும் இத்தகையதே. 1951ஆம் ஆண்டு உரைக்கென அவர் எழுதிய குறிப்புக்களிலேயே சுருளியமைப்பு எடுத்துப் பேசப்படுகின்றது. பின்னர் அவருக்கு எழுந்த ஐயம், ‘ஏ’ எனப்பட்ட உலர்ந்த வடிவத்தைப் பற்றியதேயன்றி, ஈரமான ‘பீ’ வடிவத்தைப் பற்றியதன்று.

நூலின் உச்சக் காட்சி 1953ஆம் ஆண்டு தை 30ஆம் நாள் நிகழ்கின்றது. அம்மையாரின் மேற்பார்வையிலே கொஸ்லிங் 1952 வைகாசியில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படம் ஒன்றினை வில்கின்ஸ் வாட்சனுக்குக் காட்டினார். ஐம்பத்தோராம் படம் என இன்று புகழ்பெற்றது இதுவே. படத்தைக் கண்டதும் தாம் அடைந்த கிளர்ச்சியை வாட்சன் ஆர்வத்தோடு வருணிக்கின்றார். ஆனால், மாதிரியுருவுக்கு வேண்டிய அளவைகளைத் தந்ததில் மற்றோர் ஆவணத்துக்கும் பெரும் பங்குண்டு. கிங்ஸ் கல்லூரியின் ஆய்வு முடிவுகளைத் தொகுத்து மருத்துவ ஆராய்ச்சி மன்றத்திற்கென 1952 மார்கழியில் ஆக்கப்பட்ட அறிக்கை அது. மக்ஸ் பெறூட்ஸ் அதனைக் கிறிக்கிடம் கொடுத்தார். அதிலிருந்த பளிங்குச் சமச்சீர் பற்றிய பிராங்கிளினின் செய்தி கொண்டே, இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவன என்று கிறிக் உய்த்துணர்ந்தார். அறிக்கை இரகசியமானதன்று எனப் பெறூட்ஸ் 1969இலே விளக்கங் கூறினார். இரகசியமன்று என்பதனால் உரியவரைக் கேளாமையும் அவர்க்கு அறிவியாமையும் முறையாகிவிடா.

இந்நிலையில், 1953ஆம் ஆண்டு சித்திரை 25ஆம் நாள் ‘நேச்சர்’ சஞ்சிகையிலே மூன்று கட்டுரைகள் ஒருங்கே வெளிவந்தன. வாட்சன், கிறிக் ஆகியோரது கட்டுரை முதலாவது. பிராங்கிளின், கொஸ்லிங் ஆகியோரது கட்டுரை மூன்றாவது. அமைப்பை வகுத்த காலத்தில், உடன்வரும் கட்டுரைகளின் முடிவுகளைத் தாங்கள் விவரமாக அறிந்திருக்கவில்லை என்று முதற்கட்டுரை கூறியது. வில்கின்ஸ், பிராங்கிளின் முதலியோரின் வெளிவராத முடிவுகள் பொதுவகையில் ஊக்கந் தந்தன என்ற நன்றிக் குறிப்பும் அதில் உண்டு. ஆகவே, அடித்தளமாயிருந்த ஆய்வு, பின்வந்து துணைசெய்த சான்று போலத் தோன்றிற்று. ‘இரட்டைச் சுருளி’யின் நற்பணி ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1953ஆம் ஆண்டுக் கட்டுரை மூடிவைத்ததைப் பதினைந்து ஆண்டுகளின் பின் திறந்து காட்டியது அந்நூலே. அம்மையாருக்கு இழைக்கப்பட்ட குறைக்கு முதற் சாட்சி, அக்குறையை இழைத்தவரது நூலாகவே அமைந்தது.

நூலின் இறுதியிலே பின்னுரை ஒன்று உண்டு. பிராங்கிளினைப் பற்றித் தாம் முதலிற் கொண்ட கருத்துக்கள் பல தவறானவை என்றும், அவரது ஆய்வு மிக உயர்ந்தது என்றும், பெண்ணொருத்தி விஞ்ஞான உலகில் எதிர்நோக்க வேண்டியிருந்த இடர்களைத் தாம் காலங்கடந்தே உணர்ந்ததாகவும் வாட்சன் அதிற் கூறுகின்றார். இளமைக்கால மனப்பதிவுகளை அவ்வாறே தருவதுதான் நூலின் நோக்கம் என அவர் சார்பில் வாதிக்கலாம். தன்மைக் கூற்றாக எழுதுவோர்க்கு அவ்வுரிமை உண்டு. ஆயினும், கற்பனைப் பாத்திரத்துக்குப் பொருந்தும் உரிமை, வாழ்ந்து மறைந்த ஒருவர் மாட்டு அவ்வாறே பொருந்தாது. தவறென அறிந்த சித்திரத்தை நூல் முழுவதும் பரப்பிவிட்டு, திருத்தத்தைக் கடைசிப் பக்கங்களில் ஒதுக்கி வைத்தல் நடுநிலை ஆகாது. வாசகர் மனத்தில் நிலைப்பது காட்சியேயன்றிக் குறிப்பன்று.

அம்மையாரின் தோழி ஆன் செயர் 1975இல் எழுதிய வாழ்க்கை வரலாறு இச்சித்திரத்தை எதிர்த்தது. அதன்பின் பெருகிய மக்கள் வழக்கிலே மற்றொரு கதை உருவாயிற்று. ஒப்பற்ற படம் ஒன்று பிராங்கிளினிடம் இருந்தது. அதனைத் திருடிச் சென்றவர்கள் உண்மையைக் கண்டனர் என்பது அக்கதை. இரக்கத்தினால் எழுந்ததாயினும், இதுவும் அம்மையாருக்கு நீதி செய்வதன்று. ஒரே பார்வையில் வாட்சன் கண்டதை, மாதக்கணக்காகப் படத்தைக் கையில் வைத்திருந்தும் அவர் காணவில்லை என்று அது குறிப்பாற் சொல்லிவிடுகின்றது. பழித்தவர் கட்டிய மேடையிலேயே பரிந்து பேசுவோரும் நிற்கின்றனர்.

உண்மை வேறு. ஈரப்பதனைக் கட்டுப்படுத்தி டீ. என். ஏ. இழையின் இரு வடிவங்களையும் தெளிவாகப் பிரித்தறிந்தவர் பிராங்கிளின். பொசுபேற்றுக்கள் வெளிப்புறத்தே அமைவன என்று காரணங்காட்டி நிறுவியவரும் அவரே. சுருளியின் ஒரு சுற்று 34 ஆங்ஸ்ட்ரம் என்பதை அவரது அளவைகள் உறுதிப்படுத்தின. 1953 மாசி மாதத்திலே இரு வடிவங்களும் ஈரிழைச் சுருளிகளே என்னும் முடிபுக்கு அவர் வந்துவிட்டதை அவரது குறிப்பேடுகள் காட்டுகின்றன. ‘பீ’ வடிவம் பற்றி அவர் எழுதிய கட்டுரைப் படி பங்குனி 17ஆம் நாளிடப்பட்டது. கேம்பிறிட்ஜ் மாதிரியுருவின் கட்டுரைப் படி கிங்ஸ் கல்லூரியை அடையும் முன்னரே எழுதப்பட்டது. மூலங்கள் இணைசேரும் முறையும் இழைகளின் எதிர்த்திசை ஓட்டமுமே அவர் எட்டாதவை. அவை வாட்சனும் கிறிக்கும் தம் மதிநுட்பத்தாற் பெற்ற சிறப்பு. அதனைக் குறைத்தலும் நேர்மையன்று. 1953இல் ஒரு சஞ்சிகைக்கென எழுதப்பட்டு வெளிவராது போன கட்டுரைப் படி ஒன்றினை மத்தியூ கொப், நதானியேல் கொம்போட் என்னும் ஆய்வாளர் 2023இல் எடுத்துக்காட்டினர். இரு குழுவினர் சமமாகப் பங்குகொண்ட பணியாகவே அக்கட்டுரை இக்கண்டுபிடிப்பினை விவரித்திருந்தது.

நோபல் பரிசு பற்றியும் அளவறிந்து பேசுதல் நன்று. 1962இலே வாட்சன், கிறிக், வில்கின்ஸ் மூவர்க்கும் அது கிடைத்தபோது அம்மையார் மறைந்து நான்கு ஆண்டுகளாயின. இறந்தோர்க்கு அது வழங்கப்படுவதில்லை. மூவர்க்கு மேற் பகிரப்படுவதுமில்லை. ஆகவே, 1962இற் பரிசு பறிக்கப்பட்டது என்பது பொருந்தாது; 1953இல் உரிமை கூறப்படாது விடப்பட்டது என்பதே பொருந்தும். அவரோ குறைகூறிக் காலங்கழித்தவரல்லர். பேர்க்பெக் கல்லூரிக்குச் சென்று, புகையிலைச் சித்திர வைரசின் அமைப்பை ஆராய்ந்து, தம் கடைசி ஆண்டுகளைச் சிறந்த பணியால் நிறைத்தார். அங்கு அவருடன் உழைத்த ஆறன் குளூக் 1982இல் நோபல் பரிசு பெற்றார்.

‘இரட்டைச் சுருளி’ படிக்கத்தக்க நூல், ஒதுக்கத்தக்கதன்று. ஆயின், அதன் பின்னுரையை முன்னுரையாகக் கொண்டு படித்தலே முறை. தவறான கருத்துக்கள் இவை என்று ஆசிரியரே கூறியதை அறிந்து தொடங்கும் வாசகன், ‘றோசி’ என்னும் பாத்திரத்தின் பின்னே நிற்கும் விஞ்ஞானியைக் காணத் தவறான். வகுப்பறையிலே இரட்டைச் சுருளியைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இதனாற் கடன் ஒன்றுண்டு. அம்மையாருக்கு அநீதி நேர்ந்தது என்று மாத்திரம் கூறி அமைதல் போதாது. அவர் கண்டவை யாவை என்று எடுத்துரைத்தல் வேண்டும். இரக்கம் ஒருவரது துன்பத்தை நினைவிற் கொள்கின்றது. அங்கீகாரமோ அவரது செயலை நினைவிற் கொள்கின்றது. விஞ்ஞானிக்குரியது பின்னதே.